தெளிவில்லை

சிவப்பு மைப் பேனா உபாத்தியாயர்களுக்கென்றே வாய்த்த ஓர் ஆயுதம். அதைக் கையில் எடுத்துவிட்டால் நமக்கு எதிலும் சந்தேகம் தோன்றுவதில்லை. இருபது வருஷ காலமாக எட்டயபுரத்துப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களில் அந்த ஆயுதத்தை நாம் தாராளமாகப் பிரயோகித்து வந்திருக்கிறோம். "விடை தவறு", "மறுபடி எழுது", "கையெழுத்தைத் திருத்து" என்று நாம் எழுதிய வாசகங்களை ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் நிறுத்தினால், அவை இங்கிருந்து கோவில்பட்டி வரையில் போய்ச் சேர்ந்தாலும் சேரும். அவற்றில் பெரும்பாலானவற்றைப் பற்றி நமக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி எழுதவே இப்போது உட்கார்ந்திருக்கிறோம்.

இந்த ஊரில் டிசம்பர் 11-ந் தேதியை யாரும் மறப்பதற்கில்லை. 1882-ம் வருஷத்தில் அந்தத் தேதியில்தான் பாரதியார் இங்கே பிறந்தார். பள்ளிக்கூடங்களில் பேச்சுப் போட்டி, பாட்டுப் போட்டி, மாறுவேஷப் போட்டி எல்லாம் அமர்க்களப்படும். தலைப்பாகை கட்டி, மையினால் மீசை வரைந்துகொண்ட நாற்பது ஐம்பது பாரதியார்கள் வேப்பமரத்தடியில் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு குழாயில் தண்ணீர் குடிக்கும் காட்சியை வெளியூர் நேயர்கள் ஒரு முறை வந்து பார்க்கவேண்டும்.

இரண்டு வருஷங்களுக்கு முன் நம் பள்ளிக்கூடத்தில் இவற்றோடு புகைப்படப் போட்டி ஒன்றும் சேர்ந்துகொண்டது. 'எங்கள் ஊர்' என்பது விஷயம். வீட்டிலுள்ள செல்போனில் எடுத்தால் போதும். தபால் கார்டு அளவில் அச்சிட்டுக் கொண்டுவரவேண்டும் என்று அறிவித்தோம். நடுவராக நம்மை நியமித்ததற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. நாம் பௌதிக சாஸ்திரம் போதிக்கிறோம். லென்ஸைப் பற்றி வருஷந்தோறும் பாடம் நடத்துகிறோம். கலாசாலையில் வாசித்த நாளில் பழைய விலைக்கு வாங்கிய பிலிம் காமிரா ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கலாம். இத்தனை தடித்த மூக்குக்கண்ணாடி அணிந்த மனிதருக்குத் தெளிவின் அருமை தெரிந்திருக்கும் என்று தலைமையாசிரியர் எண்ணியிருக்கலாம்.

படங்கள் வந்து குவிந்தன. அரண்மனை, தெப்பக்குளம், முத்துசுவாமி தீட்சிதரின் நினைவிடம், உமறுப் புலவரின் தர்கா, பாரதியார் பிறந்த வீடு என்று ஊரின் பெருமைகள் ஒன்றையும் பிள்ளைகள் விடவில்லை. சூரியாஸ்தமனம் மட்டும் பதினேழு இருந்தன. கரிசல் பூமியில் அஸ்தமனத்துக்கு மலையும் மறைப்பதில்லை, மரமும் மறைப்பதில்லை. ஆகையால் அதன் மேல் பிள்ளைகளுக்கு ஆசை அதிகம்.

அந்தக் குவியலில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கொடுத்த படமும் இருந்தது. படத்தின் பாதிக்கு மேல் ஒரு கை. வயதான ஸ்திரீயின் கை. உள்ளங்கையில் அப்பொழுதுதான் எடுத்த பருத்தி ஒரு கைப்பிடி. சருகுத் துணுக்கு ஒன்று பஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. நகக் கண்ணில் கரிசல் மண். விரல் நுனிகளில், காய்ந்த பருத்தி ஓடு கிழித்த வெள்ளைக் கீறல்கள். சுண்டுவிரல் மட்டும் ஏனோ வெளிப்புறமாகக் கோணியிருந்தது. இவ்வளவும் ஊசியால் எழுதினாற்போல் துல்லியமாக விழுந்திருந்தன. ஆனால் அந்தக் கைக்குப் பின்னால் இருந்த முகம் கலங்கிப் போயிருந்தது. சிரிக்கிற முகம் என்று தெரியும். யாருடைய சிரிப்பு என்று தெரியாது. படத்தின் பின்புறத்தில் 'ஆச்சி கை' என்று பென்சிலால் எழுதியிருந்தாள்.

நாம் அதற்குச் செலவிட்ட நேரம் அரை நிமிஷம் இருக்கும். 'ஆச்சி கை' என்பதற்குக் கீழே "தெளிவில்லை" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டோம். "முகத்தைப் பார்த்து எடுத்திருக்க வேண்டாமா, தாயி?" என்று கேட்டதாகவும் ஞாபகம். "சரி ஸார்" என்று சொல்லி, படத்தை வாங்கி நோட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். முதற் பரிசை, மணிமண்டபத்தை முன்வாசல் புல்லிலிருந்து உச்சிக் கலசம் வரையில் கூர்மையாகக் காட்டிய ஒரு படத்துக்குக் கொடுத்தோம். நல்ல படந்தான். அதைவிடத் தெளிவான படம் மண்டபத்தின் வாசலில் தபால் கார்டாகவே கிடைக்கக்கூடும்.

நாம் செய்த தவறு எத்தகையது என்பதை எடுத்துச் சொல்ல, வகுப்பில் நடத்தும் பாடத்தையே இங்கும் கொஞ்சம் நடத்தவேண்டியிருக்கிறது. நேயர்கள் பொறுத்தருள்க.

ஒரு லென்ஸ் ஒரு சமயத்தில் ஒரே ஒரு தூரத்தில் உள்ள பொருளைத்தான் உள்ளபடி கூர்மையாகப் படத்தில் இறக்கும். அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள பொருளின் ஒவ்வொரு புள்ளியும் படத்தில் புள்ளியாக விழாமல் ஒரு சிறு வட்டமாக விரிந்துவிடும். அந்த வட்டம் மிகச் சிறியதாக இருக்கும் வரையில் நம் கண் அதையும் புள்ளி என்றே ஏற்றுக்கொள்கிறது. பெரிதானால், "கலங்கிவிட்டது" என்கிறது. ஆகவே 'தெளிவு' என்று நாம் சொல்வதில் பாதி லென்ஸின் குணம். மறு பாதி நம் கண் காட்டும் தாட்சண்யம். பத்திரிகையில் அச்சாகியிருக்கும் எந்தப் படத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெறும் புள்ளிக் கூட்டம்! கண் தாட்சண்யம் பார்ப்பதால்தான் அது ஒரு தலைவரின் முகமாகவோ ஒரு கோயில் கோபுரமாகவோ தோன்றுகிறது.

இந்தத் தெளிவு எவ்வளவு ஆழத்துக்குப் பரவும் என்பது பெரும்பாலும் லென்ஸின் துவாரத்தைப் பொறுத்தது. துவாரம் சிறுத்தால் வட்டங்களும் சிறுக்கும். முன்னும் பின்னும் தெளிவு நீளும். இதை எந்த நூலும் வாசிக்காமலே நம் பாட்டிமார் அறிவார்கள். ஊசியில் நூல் கோக்கும்போது அவர்கள் கண்ணை இடுக்கிக்கொள்வது எதற்காக? மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த கிழவர், கையைச் சுருட்டி அதன் நடுவே கடுகளவு துவாரம் விட்டு, பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படித்துவிடுவதை இந்த ஊர்ப் பஸ் நிலையத்தில் நாமே கண்டிருக்கிறோம்.

நம் பழைய காமிராவின் லென்ஸுக்குக் குவிதூரம் 50 மில்லிமீட்டர். அதன் துவாரத்தை 2 என்ற எண்ணில் வைத்தால் குறுக்களவு 25 மில்லிமீட்டர். பழைய ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு. ஆறரை அடி தூரத்தில் நிற்கும் ஒருவரை அப்படி எடுத்தால் தெளிவின் ஆழம் சுமார் ஒரு சாண்தான். மூக்கும் கண்ணும் காதும் அதற்குள் அடங்கும்; பின்னால் நிற்கும் மாடு அடங்காது. எண்ணை 16-க்குத் திருப்பினால் துவாரம் ஒரு கம்பு மணி அளவாகச் சுருங்கும். தெளிவின் ஆழமோ ஆறடிக்கு நீளும். மாடும் வரும், தொழுவமும் வரும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. உள்ளே நுழையும் வெளிச்சம் 64-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஒரு விநாடியில் எடுக்கும் படத்துக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் காத்திருக்கவேண்டும். உயிருள்ள மனிதர் ஒரு நிமிஷம் அசையாமல் இருப்பது எளிதா? அந்தக் காலத்துப் படங்களில் நம் தாத்தாக்கள் எல்லோரும் கோபக்காரர்களாகத் தோன்றுவதற்கு அவர்களுடைய சுபாவம் மட்டும் காரணமல்ல.

செல்போனில் இருப்பதோ மிகச் சிறிய லென்ஸ். அதன் துவாரம் ஓர் உளுந்து அளவுகூட இராது. ஆகையால் அது சாதாரணமாக எல்லாவற்றையும் தெளிவாகவே எடுத்துத் தள்ளிவிடும். கலங்கலான படம் எடுப்பதுதான் அதில் கஷ்டம். பின்னால் இருக்கும் முகம் கலங்கவேண்டுமானால், முன்னால் இருக்கும் பொருளுக்கு அரையடி தூரம் வரையில் நெருங்கிப் போகவேண்டும். போன பிறகு, கண்ணாடியின் மேல் எந்த இடத்தை விரலால் தொடுகிறோமோ அந்த இடத்தைத்தான் அது கூர்மையாக்கும். முகத்தைத் தொட்டால் முகம். கையைத் தொட்டால் கை.

அப்படியானால் அந்தப் பெண் நெருங்கிப் போயிருக்கிறாள். முகம், கை இரண்டும் கண்ணெதிரே இருக்க, கையைத் தொட்டிருக்கிறாள். தவறிப்போய் நேர்ந்த கலங்கல் அல்ல அது. லென்ஸைப் பற்றி இருபது வருஷம் பாடம் நடத்தின நமக்கு இது அன்று ஏன் தோன்றவில்லை? அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்த கோடை விடுமுறை வரையிலுமே தோன்றவில்லை. சூலியா மார்கரெட் காமெரான் என்ற அம்மாளைப் பற்றி வாசிக்க நேர்ந்த பிறகுதான் அந்தப் படம் நம் மனத்தில் மறுபடியும் தலைகாட்டியது.

இந்த அம்மாள் 1815-ம் வருஷத்தில் கல்கத்தாவில் பிறந்தவர். 48-வது வயதில், 1863 டிசம்பரில், மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். தனிமையில் பொழுது போகட்டும் என்று கொடுத்தார்களாம். பொழுது போயிற்று, அதோடு வீட்டின் அமைதியும் போயிற்று. கோழிக்கொட்டில் படம் எடுக்கும் கூடமாயிற்று. கரி போட்டு வைத்த அறை, படம் கழுவும் இருட்டறையாயிற்று. கோழிகள் என்னவாயின என்று கவலைப்பட வேண்டாம். அவற்றை யாரும் கொன்று தின்னவில்லை என்று அம்மாளே எழுதி வைத்திருக்கிறார். அண்டை வீட்டிலிருந்த மகாகவி டென்னிஸனும், விஞ்ஞானி டார்வினும் அவர் காமிராவின் முன் உட்கார நேர்ந்தது. வானசாஸ்திரி ஸர் ஜான் ஹெர்ஷலை 1867-ல் படம் எடுத்தபோது, அந்த வெள்ளைத் தலைமயிரை முதலில் கழுவிச் சிலிர்க்கவிட்டுப் பிறகுதான் எடுத்தார்.

அம்மாளின் படங்கள் பெரும்பாலும் கலங்கினவை. கண்ணாடித் தகட்டில் ஈர மருந்து பூசி எடுத்த காலம் அது. சில நிமிஷங்கள் அசையாமல் உட்காரவேண்டும். பெரிய தகடு, அகன்ற துவாரம், முகத்துக்கு மிக அருகே லென்ஸ். கண்ணிமை தெளிந்தால் காது கலங்கும். லண்டன் புகைப்படச் சங்கத்தார் இதைக் குற்றமாக எடுத்தார்கள். லென்ஸைச் சரியாகத் திருப்பத் தெரியவில்லை என்றார்கள். அம்மாளோ ஹெர்ஷலுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், எது நியாயமான தெளிவு என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற பொருள்படக் கேட்டுவிட்டார். லென்ஸைத் திருப்பிக்கொண்டே வரும்போது கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்தில் தாம் நிறுத்திவிடுவதாகவும், மற்றவர்கள் அதற்கு மேலும் திருப்பிக் கூர்மையாக்குகிறார்கள் என்றும் பின்னால் தம் வரலாற்றில் விளக்கியிருக்கிறார்.

இதை வாசித்தபோது சிரித்தோம். லண்டன் சங்கத்தாரின் அறியாமையைக் குறித்து நமக்குள் ஒரு கர்வங்கூட ஏற்பட்டது. அந்தக் கர்வம் பக்கத்தைத் திருப்பும் வரையில்தான் நீடித்தது. சிவப்பு மையும், நோட்டுக்குள் ஒளிந்த படமும் சட்டென்று ஞாபகத்துக்கு வந்துவிட்டன.

கதை அதோடு நிற்கவில்லை. அம்மாளின் கணவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875-ல் இருவரும் கப்பலேறி இலங்கைக்குக் குடிபோனார்கள். தங்களுக்கு வேண்டிய சவப்பெட்டிகளையும் கூடவே கொண்டுபோனார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. அந்தக் காலத்தை நம் பக்கத்து ஜனங்கள் மறக்கமாட்டார்கள். அடுத்த வருஷமே தாது வருஷப் பஞ்சம். திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து சனங்கள் சாரிசாரியாகக் 'கண்டி'க்குப் போன நாட்கள் அவை. காப்பித் தோட்டங்களில் கொத்தும் கூடையுமாக நின்றவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். காப்பிச் செடிக்கோ 1869-லேயே இலைநோய் கண்டுவிட்டது. பஞ்சத்துக்குத் தப்பி ஓடியவர்கள் நோய்ப்பட்ட தோட்டத்தில் போய் நின்றார்கள்.

இலங்கையில் அம்மாள் எடுத்தவற்றில் இன்று மிஞ்சியிருக்கும் படங்கள் முப்பதுக்குக் குறைவு. அங்கே டென்னிஸன் கிடைப்பாரா? தோட்டத்துத் தொழிலாளிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் குடியானவர்களையும் எடுத்தார். அதே மென்மையான வெளிச்சம், அதே கலங்கல். களுத்துறைக் குடியானவர்கள் என்று 1878-ல் எடுத்த படம் ஒன்று உண்டு. அதன் அடியில், அந்தச் சிறுமிக்கு வயது 12 என்றும், கிழவர் தம்மை அவளுடைய தகப்பனார் என்று சொல்லிக்கொள்கிறார் என்றும், தமக்கு வயது நூறு என்கிறார் என்றும் குறிப்பு எழுதியிருக்கிறார். வயதைக் கேட்டவர் பெயரைக் கேட்டு எழுதவில்லை. ஹெர்ஷலின் படத்தில் காது கலங்கினால் நமக்கு ஒன்றும் குறைவில்லை. அவர் யார் என்று ஊருக்கெல்லாம் தெரியும். கண்டிக்குப் போன நம்மவரின் முகம் கலங்கினால், பெயரும் இல்லாதபோது, அவரை எங்கே போய்த் தேடுவது? அம்மாளிடம் நமக்குள்ள மரியாதை இந்த இடத்தில் சற்றுக் குறைவதை மறைப்பதற்கில்லை. அந்தப் பெண்ணோ, முகத்தைக் கலங்கவிட்டாலும், யார் என்று பென்சிலால் எழுதியிருந்தாள். ஆச்சி.

1879 ஜனவரி 26-ல் காமெரான் அம்மாள் காலமானார். பொகவந்தலாவையில், தோட்டங்களின் நடுவே உள்ள ஒரு மாதாகோயிலில் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள்.

அவருக்குப் பின்னும் இந்த வழக்கு ஓயவில்லை. வைத்தியப் பட்டம் பெற்ற எமர்ஸன் என்ற ஆங்கிலேயர், மனிதக் கண்ணே பார்வையின் நடுவில் உள்ளதைத்தான் கூர்மையாகக் காண்கிறது, படமும் அப்படியே இருக்கவேண்டும் என்று 1889-ல் ஒரு நூல் எழுதி அடித்துப் பேசினார். அடுத்த வருஷமே தம் கொள்கை செத்துப்போயிற்று என்று, கறுப்புக் கரை போட்டு, கருமாதிப் பத்திரிகை போல ஒரு சிறு பிரசுரத்தையும் வெளியிட்டார். கொள்கையை மாற்றிக்கொள்கிறவர்கள் நம் நாட்டிலும் உண்டு. இவ்வளவு ஒழுங்காகச் சாவோலை அனுப்புகிறவர்கள் குறைவு. 1932-ல் அமெரிக்காவில் ஆன்ஸல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலியோர் நேர் எதிரான கட்சி கட்டினார்கள். லென்ஸின் மிகச் சிறிய துவாரங்களில் ஒன்றைக் குறிக்கும் 64 என்ற எண்ணையே தங்கள் கூட்டத்துக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டார்கள். கல்லானாலும் மலையானாலும் கூர்மையாகத் தெரியவேண்டும் என்பது அவர்கள் கட்சி. வெஸ்டன் 1930-ல் ஒரு தகரப் புனலுக்குள் குடைமிளகாயை வைத்து எடுத்த படத்தைப் பார்த்தால் அவர்கள் சொன்னதும் நியாயந்தான் என்று தோன்றிவிடும். அது மிளகாய் என்பதே சற்று நேரம் மறந்துபோகிறது. கூர்மையும் இப்படி வேண்டுமென்றே செய்த ஒரு காரியமாக இருக்கலாம் என்பதை அவர்கள் காட்டினார்கள். நாம் பரிசளித்த மணிமண்டபப் படத்தில் கூர்மை அப்படிச் செய்ததல்ல. செல்போன் தானாகவே கொடுத்தது.

மணிமண்டபம் என்றதும் ஒரு மாலைப்பொழுது நினைவுக்கு வருகிறது. பொதுஜனங்கள் கொடுத்த பணத்தில் கட்டி, 1947 அக்டோபர் 13-ந் தேதி ராஜாஜி அவர்கள் திறந்துவைத்த மண்டபம் அது. விடுமுறை முடியும் தறுவாயில் அங்கே போய், பாரதியாரின் படங்களுக்கு முன் வெகுநேரம் நின்றோம். நாற்பது வயது நிறையாமலே 1921-ல் மறைந்த அந்த மகானின் அசல் புகைப்படங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். புதுச்சேரியில் குடும்பத்தாரோடு எடுத்தவை, 1919-ல் காரைக்குடியில் எடுத்தவை, சென்னையில் கடைசிக் காலத்தில் எடுத்தது என்று ஐந்தே. படத்திலிருந்து படம், அந்தப் படத்திலிருந்து அச்சுக்கட்டை, அச்சிலிருந்து மறுபடி படம் என்று தலைமுறை தலைமுறையாகப் பிரதி எடுத்ததில், பெரும்பாலான பிரதிகளில் மடிப்புகளும் நிழல்களும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

ஆனால் நம் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நிற்கிற நாற்பது பாரதியார்களும் இந்த ஐந்து படங்களைப் பார்த்து வேஷம் கட்டியவர்கள் அல்லர். முண்டாசும் முறுக்கிய மீசையும் ஊடுருவும் கண்ணுமாக நாடெங்கும் மாட்டப்பட்டிருக்கும் உருவம், ஆர்யா என்ற சித்திரக்காரர் தீட்டியது. 1932-ல் சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி நம் தேசியக் கொடியைப் பறக்கவிட்ட அதே ஆர்யாதான். அந்தக் கண்ணின் கூர்மை எந்த லென்ஸும் கொடுத்ததல்ல. பாரதியாரின் பாட்டை மனப்பாடமாக அறிந்த ஒருவருக்குக் கலங்கிய படத்துக்குள் என்ன தெரிந்ததோ, அதை அவர் தீட்டினார். அதைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. ஆயினும் அன்று மாலை நம் கண் சித்திரத்தில் தங்கவில்லை. காரைக்குடிப் படத்தில், கையில் கோலுடன் இருக்கும் அந்த மெலிந்த மனிதரிடமே திரும்பத் திரும்பப் போயிற்று. தெளிவு போதாத அந்தப் படத்தில்தான் அவர் இந்த ஊர்த் தெருவில் நடந்தவர் என்பது நம்பும்படியாக இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்ததும் அந்தப் பெண்ணை அழைத்துப் பேசவேண்டும் என்று நினைத்தோம். நினைத்ததோடு சரி. பரீட்சை, கணக்கெடுப்பு, இன்னொரு கணக்கெடுப்பு என்று நாள் ஓடிவிட்டது. உண்மையைச் சொன்னால், வேலை மட்டும் காரணமல்ல. ஒரு சின்னப் பெண்ணிடம், "நாங்கள் பார்த்தது தப்பு" என்று சொல்வதற்கு உபாத்தியாயர்களின் நாக்கு அவ்வளவு சுலபமாகத் திரும்புவதில்லை.

சென்ற தை மாதத்தில் அவள் நான்கு நாட்கள் வகுப்புக்கு வரவில்லை. ஆச்சி இறந்துவிட்டாள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். ஐந்தாம் நாள் சாயங்காலம் துக்கம் விசாரிக்கப் போனோம். ஊருக்கு மேற்கே கடைசித் தெரு. வீட்டு வாசலில் இருந்தே கரிசல் காடு ஆரம்பமாகிவிடுகிறது. திண்ணையில் பெண்ணின் தகப்பனார் பாய் விரித்து உட்காரச் சொன்னார்.

சுவரில் மாலை போட்ட படம் ஒன்று மாட்டியிருந்தது. ஆச்சிக்குத் தனிப் படம் என்று எதுவும் கிடையாது. அடையாள அட்டையில் இருந்த நெல்லிக்காயளவு முகத்தைப் பெரிதுபடுத்தித் தரும்படி ஒரு படக்கடையில் கொடுத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் அதைக் கூர்மைப்படுத்தியிருந்தது. அட்டைப் படத்தில் இல்லாததை அது எங்கிருந்து எடுக்கும்? ஆயிரம் அந்நிய முகங்களிலிருந்து கற்றுக்கொண்ட கண்ணையும் தோலையும் மயிரிழையையும் கற்பனையாக இட்டு நிரப்பியிருந்தது. ஒவ்வொரு இமைமயிரும் எண்ணும்படி இருந்தது. கன்னத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பின்னால் எங்கேயும் இல்லாத ஒரு நீல ஆகாயம்.

"ரொம்பத் தெளிவா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க ஸார்," என்றார் தகப்பனார். சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க அம்மா மாதிரி இல்லே," என்றார்.

அந்தப் பெண் உள்ளே போய் ஒரு பழைய நோட்டை எடுத்துவந்து, அதிலிருந்து அந்தப் படத்தை எடுத்துத் தகப்பனாரிடம் கொடுத்தாள். அவர் அதை முன்பு பார்த்ததில்லை போலும். தெருவிளக்கின் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். கட்டை விரலால் படத்திலிருந்த சுண்டுவிரலைத் தடவினார்.

"இது கிணத்தடியில வாளி விழுந்து கோணின விரல் ஸார். நான் அப்போ சின்னப் பையன். நான்தான் கயித்தை விட்டுட்டேன்," என்றார். அதற்கு மேல் பேச அவரால் முடியவில்லை.

நாம் அந்தப் பெண்ணிடம், முகத்தை விட்டுவிட்டுக் கையை ஏன் எடுத்தாள் என்று கேட்டோம். ஒரு வருஷத்துக்கு முன்பே கேட்டிருக்கவேண்டிய கேள்வி.

"படம் எடுக்க ஆச்சி விடாது ஸார். 'என் மூஞ்சியில என்ன இருக்கு, பருத்தியை எடு'ன்னு கையை நீட்டுச்சு. நான் கிட்டப் போய்க் கையைத் தொட்டேன். மூஞ்சி பின்னாலே இருந்தாப் போதும்னு நினைச்சேன். அது சிரிக்கிறது தெரியுதில்லே?"

தெரிந்தது. கலங்கலுக்குள் ஒரு பல் விழுந்த இடங்கூடத் தெரிந்தது.

வருகிற டிசம்பரில் பள்ளிக்கூடத்தில் அதை மாட்டலாமா என்று கேட்டோம். பெரிதாக அச்சிடச் செல்போனில் மூலப் படம் வேண்டும் என்றோம். அந்தச் செல்போன் மழையில் நனைந்து கெட்டுப்போய்விட்டதாம்; இருக்கும் பிரதி இது ஒன்றுதான் என்றாள். தகப்பனார் படத்தை நம்மிடம் நீட்டினார். வாங்கியபோது பின்புறம் திரும்பிவிட்டது. பென்சில் எழுத்து மங்கியிருந்தது. சிவப்பு மை மங்கவில்லை. நாம் என்ன சொல்வது என்று தெரியாமல் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டோம்.

அவள் பார்த்துவிட்டாள்.

"பரவாயில்லே ஸார். முன்பக்கம் ஊறலே," என்றாள்.